நெறிக்கட்டிதான், ஆனால் காசநோய் இல்லை: சார்கோய்டோசிஸ் பற்றி வாசகர் கேள்விகள்

‘சார்கோய்டோசிஸ்’ என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு வந்த கடிதங்களையே இம்முறை எடுத்துக்கொண்டோம். உடலின் எதிர்ப்புச் செல்கள் நுரையீரல் முதலிய உறுப்புகளில் கூடிச் சிறு உருண்டைகளாகக் கட்டிக்கொள்ளும் நோய் இது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்கள் பொதுவான விளக்கங்கள். உங்கள் மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: வேலையில் சேர எடுத்த நெஞ்சு எக்ஸ்-ரேயில், நுரையீரல் வேர்ப்பகுதியில் இரண்டு பக்கமும் நிணநீர் முடிச்சுகள் பெருத்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு இருமல்கூட இல்லை. பயாப்சியில் ‘திசு அழுகல் இல்லாத கிரானுலோமா’ என்று வந்திருக்கிறது. சார்கோய்டோசிஸ் என்கிறார் மருத்துவர். தேடிப் பார்த்தால் ‘சார்கோமா’ என்ற புற்றுநோய்தான் பக்கத்தில் வருகிறது. இது அதற்குத் தம்பியா?

பதில்: இல்லை, பெயர்தான் உறவு கொண்டாடுகிறது. ‘சார்க்ஸ்’ என்றால் கிரேக்க மொழியில் சதை. நார்வே நாட்டுத் தோல் மருத்துவர் சீசர் பெக் 1899-இல் ஒரு நோயாளியின் தோல் முடிச்சை நுண்ணோக்கியில் பார்த்தார். பார்வைக்குச் சார்கோமா மாதிரி இருந்தது, ஆனால் தீங்கு செய்யாத கட்டியாக நடந்துகொண்டது. அதனால் ‘சார்காய்டு’, அதாவது சார்கோமா போன்றது, என்று எழுதினார். ஒப்புமைக்கு வைத்த பெயர் நிலைத்துப்போய், நூறாண்டுக்கு மேலாக நோயாளிகளைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது.

புற்றுநோயில் ஒரு செல் கட்டுமீறிப் பெருகி, விதைபோல வேறு இடங்களுக்கும் பரவும். கிரானுலோமாவில் அப்படி எதுவும் நடப்பதில்லை. உடலின் எதிர்ப்புச் செல்கள் ஓர் இடத்தில் கூடி, நெருக்கமாக உட்கார்ந்து கட்டிய சிறு உருண்டை அது. உங்களுக்கு முடிச்சுகள் மட்டும் பெருத்திருக்கின்றன, தொந்தரவும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மருந்தே இல்லாமல் தானாக வடிந்துவிடுகிறது. இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, கண், இதயம், கால்சியம் ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது. ஏன் என்பது கீழே வருகிறது.

கேள்வி: எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்ததா, கூடியதால் வந்ததா? ஒருவர் ‘சத்தாகச் சாப்பிட்டு எதிர்ப்புச் சக்தியை ஏற்றுங்கள்’ என்கிறார், மருத்துவரோ அதை அடக்க மாத்திரை தருகிறார்.

பதில்: கூடியதால் என்பதே உண்மைக்குப் பக்கம். இன்னும் சரியாகச் சொன்னால், வேலை முடிந்த பிறகும் கலையாமல் நிற்கும் எதிர்ப்பு.

நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்ற பெரும் விழுங்குசெல்கள் ரோந்து சுற்றுகின்றன. அவையும் அவற்றின் உறவான டென்ட்ரிடிக் செல்களும் உள்ளே வந்த ஏதோ ஒரு பொருளை விழுங்கி, துண்டாக்கி, எச்.எல்.ஏ. என்ற தட்டில் வைத்து, டி செல்கள் என்ற வேறு எதிர்ப்புச் செல்களிடம் காட்டுகின்றன. சிடி4 வகை டி செல் அதை அடையாளம் கண்டதும் தானும் பெருகி, இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூகின் 2 போன்ற வேதிச் செய்திகளை வெளியிடுகிறது. பதிலுக்கு மேக்ரோஃபேஜ் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின் 12, இன்டர்லூகின் 18 ஆகியவற்றை அனுப்பி மேலும் டி செல்களை இழுக்கிறது. ஒன்றை ஒன்று ஏற்றிவிடும் இந்தச் சுழலில் மேக்ரோஃபேஜ்கள் உருமாறி, தோலின் மேலடுக்குச் செல்களைப் போலப் பட்டையாகி ஒட்டிக்கொள்கின்றன. சில ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்களாகின்றன. அவை நடுவில், டி செல்கள் வேலியாக வெளியில். இதுதான் கிரானுலோமா.

ஜீரணிக்க முடியாத ஒன்றைச் சுற்றிச் சுவர் எழுப்பிப் பூட்டிவைக்கும் பழைய தந்திரம் இது. காசநோய்க் கிருமியையும் உடல் இப்படித்தான் அடைக்கிறது. வேறுபாடு, சார்கோய்டோசிஸில் சுவருக்குள்ளே தேடினால் கைதியைக் காணோம். சண்டையை நிறுத்தச் சொல்ல வேண்டிய கட்டுப்பாட்டு டி செல்கள் எண்ணிக்கையில் இருந்தும் சரியாக வேலை செய்வதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

தூண்டிய பொருள் எது? ஒற்றை விடை கிடையாது. காசநோய்க் கிருமிக் குடும்பத்தின் ஒரு புரதத் துண்டு, முகப்பருவோடு தொடர்புடைய க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா, பூஞ்சைத் தூசி, பூச்சிமருந்து, உலோக மற்றும் கட்டடத் தூசி எல்லாம் சந்தேகப் பட்டியலில் உள்ளன. 2001-இல் நியூயார்க் உலக வர்த்தக மையம் இடிந்தபோது தூசிக்குள் நின்ற தீயணைப்பு வீரர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்பட்டது. தூண்டும் பொருள் பலவாக இருக்கலாம், அதற்கு இப்படி எதிர்வினை காட்டும் மரபணு வாகு இருப்பவர்களுக்கே நோய் வருகிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

எதிர்ப்புச் சக்தி ‘கூடியதால்’ என்று சொல்லத் துணிவதற்கு இன்னொரு காரணம் உண்டு. புற்றுநோய்க்குத் தரப்படும் சில புதிய மருந்துகள் டி செல்களின் பிரேக்கைக் கழற்றிவிடுபவை. அவற்றை எடுப்பவர்களில் சிலருக்கு அச்சு அசலாகச் சார்கோய்டோசிஸ் போன்ற நோய் தோன்றுகிறது. முன்பு மஞ்சள்காமாலைக் கிருமிக்காக இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி போட்டவர்களுக்கும் வந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்தால் சிடி4 எண்ணிக்கை ஏறும்போது தலைகாட்டிய நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. ஆகவே ‘எதிர்ப்புச் சக்தியை ஏற்றும்’ பொடி, லேகியம், மாத்திரை எதுவும் உங்களுக்கு வேண்டாம். நல்ல உணவு நல்லதுதான், இந்த நோய்க்கு மருந்தாக அல்ல.

கேள்வி: எதிர்ப்பு அவ்வளவு வேகமாக இருந்தால், எனக்குக் கையில் போட்ட மாண்டூ ஊசி ஏன் கொஞ்சம்கூடத் தடிக்கவில்லை?

பதில்: படை எல்லாம் நுரையீரலில் முகாம் போட்டிருப்பதால். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் சிடி4 செல்கள் குவிந்திருக்கும், அதே சமயம் இரத்தத்தில் நிணநீர்ச் செல்கள் குறைவாக இருக்கும். தோலில் போட்ட காசநோய்ப் புரதத்துக்குப் பதில் சொல்ல ஆள் போதாது. முன்பு தடித்த கை இப்போது தடிக்காமல் போனால், அதுவே சார்கோய்டோசிஸ் பக்கம் சாயும் ஒரு தடயம். மாறாக, இந்த நோய் என்று சந்தேகிக்கப்படுபவருக்கு ஊசி இடம் நன்றாகத் தடித்தால், காசநோயை இன்னொரு முறை தேடிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு நெஞ்சில் நெறிக்கட்டி என்று ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தார்கள். கட்டி குறையவில்லை. இப்போது வேறு மருத்துவர் இது சார்கோய்டோசிஸ், ஸ்டீராய்டு வேண்டும் என்கிறார். முதலில் பார்த்தவர் தவறு செய்துவிட்டாரா? இவர் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?

பதில்: இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வது உலகெங்கும் நடப்பதுதான். இருமல், எடைக் குறைவு, லேசான காய்ச்சல், நெஞ்சில் நெறிக்கட்டி, பயாப்சியில் கிரானுலோமா என்று ஐந்தும் இரண்டுக்கும் பொது. காசநோய் பரவலாக உள்ள இடத்தில் மருத்துவரின் மனம் முதலில் அங்கே போவதில் குற்றமில்லை. எந்தப் பரிசோதனை விடுபட்டது என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

சி.டி. ஸ்கேனில் சார்கோய்டோசிஸ் முடிச்சுகள் பொதுவாக இரண்டு பக்கமும் சமமாக, உள்ளே ஒரே சீராக இருக்கும். நுரையீரலில் நிணநீர்ப் பாதைகளை ஒட்டி, மூச்சுக்குழல் ஓரமாக, மணல் தூவியதுபோல் நுண்புள்ளிகள் தெரியும். காசநோய் முடிச்சு பெரும்பாலும் ஒரு பக்கம் தூக்கலாக, நடுவில் இறந்த திசுவால் கறுத்து, விளிம்பு மட்டும் ஒளிர்ந்து தெரியும். அப்புறம் பயாப்சி. மூச்சுக்குழல் வழியாக அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை விட்டு, முடிச்சில் ஊசியால் திசு எடுப்பதே இன்று வழக்கம். பெரும்பாலும் வெளிக்காயம் இல்லாமல் முடிந்துவிடும்.

அடிக்கடி கோட்டைவிடும் இடமும் இதுதான். எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடுகிறார்கள். அதில் கிருமி செத்துவிடும், பிறகு வளர்ப்புச் சோதனை செய்ய வழியில்லை. ஒரு பகுதி ஃபார்மலினிலும், இன்னொரு பகுதி உப்புநீரிலும் போக வேண்டும். உப்புநீரில் போனது காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனைக்கும், வளர்ப்புக்கும், பூஞ்சைச் சோதனைக்கும் உதவும். மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும், வளர்ப்புக்கு 6 வாரம் வரை காத்திருக்க வேண்டும். பயாப்சிக்குப் போகும் முன் ‘வளர்ப்புக்கும் அனுப்புகிறீர்களா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

‘அழுகல் இல்லாத கிரானுலோமா’ என்ற வரி மட்டும் தீர்ப்பல்ல. காசநோயும் சில சமயம் அப்படிக் காட்டும், பூஞ்சை நோய்களும் காட்டும். புற்றுக்கட்டியின் வடிகாலாக இருக்கும் முடிச்சிலும் அப்படித் தெரிவது உண்டு. பெரிலியம் உலோகத்தூசியில் வேலை செய்தவர்களுக்கு வரும் நோய் நுண்ணோக்கியில் இதன் இரட்டைப் பிறவி. ஆகவே நோயறிதல் முக்காலியில் நிற்கிறது: பொருந்தும் அறிகுறியும் படமும், கிரானுலோமா, மற்றவை இல்லை என்ற உறுதி. மூன்றாவது கால்தான் எப்போதும் ஆடும்.

இரண்டு எச்சரிக்கைகள். சார்கோய்டோசிஸ் தானாகவே குறையக்கூடியது என்பதால், காசநோய் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அது வடிந்தால் ‘மருந்து கேட்டது, ஆகவே காசநோய்தான்’ என்ற பொய் நிரூபணம் உண்டாகும். ‘சோதனைக்காக’ ஸ்டீராய்டு கொடுப்பதோ இன்னும் மோசம். காசநோயாக இருந்தால் கிருமி பரவும். நிணநீர்ப் புற்றுநோயாக இருந்தால் கட்டி சிலகாலம் சுருங்கி, உண்மையை மறைத்துவிடும். உங்கள் கணவருக்கு இதுவரை திசு எடுக்கவே இல்லையென்றால், எந்த மருந்துக்கும் முன்னால் அது நடக்கட்டும்.

கேள்வி: ஏ.சி.இ. என்ற இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது. அப்படியானால் நோய் இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. அந்த நொதியைக் கிரானுலோமாச் செல்கள் சுரக்கின்றன, உண்மை. ஆனால் நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்கு அது இயல்பாகவே இருக்கும். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை சாப்பிட்டால் இன்னும் கீழே இறங்கும். மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் இயல்பு அளவே வேறு. சர்க்கரை நோயிலும் தைராய்டு மிகைப்பிலும் கல்லீரல் நோயிலும் ஏறக்கூடும். சுருக்கமாக, நம்பி முடிவெடுக்கத் தகாத பரிசோதனை. பயாப்சிக்குப் பதிலாக இதை எழுதிக்கொடுத்தால் ஏற்காதீர்கள்.

கேள்வி: அறிக்கையில் ‘இரண்டாம் நிலை’ என்று போட்டிருக்கிறது. அடுத்து மூன்று, நான்கு என்று போய்விடுமா?

பதில்: புற்றுநோயின் நிலைகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இது ஸ்கேடிங் என்ற மருத்துவர் 1961-இல் எக்ஸ்-ரே தோற்றத்தை வைத்துச் செய்த வகைப்பாடு, ஏணிப்படி அல்ல. 0 என்றால் படம் இயல்பு. 1 என்றால் முடிச்சு மட்டும். 2 என்றால் முடிச்சும் நுரையீரல் நிழலும். 3 என்றால் நிழல் மட்டும். 4 என்றால் நார்த்தழும்பு. தானாகக் குணமாகும் வாய்ப்பு 1-இல் 55 முதல் 90 சதவீதம், 2-இல் 40 முதல் 70, 3-இல் 10 முதல் 20. தழும்பு விழுந்த 4 திரும்பாது. இரண்டிலிருந்து சுழியத்துக்குத் திரும்பியவர்கள் ஏராளம்.

எண்ணைவிட ஊதல் சோதனையைக் கவனியுங்கள். படம் பயங்கரமாக இருந்தும் மூச்சுத்திறன் முழுதாக உள்ளவர் உண்டு, மாறாகவும் உண்டு. ஊதிய கொள்ளளவோடு, வாயு நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குக் கடக்கும் திறனையும் (டி.எல்.சி.ஓ. என்பார்கள்) அளக்கச் சொல்லுங்கள். இரண்டாவதுதான் பெரும்பாலும் முதலில் விழும். ஊதும் கொள்ளளவு முந்தைய அளவில் 10 சதவீதமோ, கடத்தும் திறன் 15 சதவீதமோ குறைந்தால் அது கருவியின் ஏற்ற இறக்கம் அல்ல, நோய் நகர்கிறது.

கேள்வி: திடீரென்று காய்ச்சல், இரண்டு கணுக்காலும் வீங்கி நடக்க முடியவில்லை, முன்காலில் சிவந்த வலிக்கும் முடிச்சுகள். மூட்டுவாதம் என்று போனேன், நெஞ்சுப் படம் எடுத்து சார்கோய்டோசிஸ் என்கிறார்கள். காலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நீங்கள் விவரிப்பது லோஃப்கிரன் நோய்க்குறித்தொகுப்பு. சுவீடன் மருத்துவர் ஸ்வென் லோஃப்கிரன் பெயரால் வந்தது. ஆர்ப்பாட்டமாக வந்து அமைதியாகப் போகும் வகை. பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுக்குள் முழுவதும் மறைந்துவிடும். ஓய்வும் வலி-அழற்சி மாத்திரையும் பல சமயம் போதும்.

படமும் அறிகுறியும் இவ்வளவு தெளிவாகப் பொருந்தினால் பயாப்சியே தேவையில்லை என்று மருத்துவ வழிகாட்டல்கள் சொல்கின்றன. குறிப்பாக, முன்கால் முடிச்சைக் குத்தி எடுக்க விடாதீர்கள். அதில் கொழுப்பு அடுக்கின் அழற்சி மட்டுமே இருக்கும், கிரானுலோமா இருக்காது. வலியும் வடுவும்தான் மிச்சம். அதே சமயம் மூக்கு, கன்னம், காது மடலில் ஊதா நிறமாகத் தடிக்கும் மேடுகளும், பழைய தழும்பும் பச்சை குத்திய இடமும் புதிதாகப் புடைப்பதும் வேறு விஷயம். அங்கே கிரானுலோமா பெரும்பாலும் கிடைக்கும், எடுக்கவும் எளிது. முகத்து ஊதாத் தடிப்பு பிடிவாதமான, நீடிக்கும் வகை.

கேள்வி: நோய் நுரையீரலில். கண் மருத்துவரிடமும் இ.சி.ஜி.க்கும் எதற்கு அனுப்பினார்கள்? பார்வை நன்றாக இருக்கிறது, நெஞ்சுவலியும் இல்லை.

பதில்: அனுப்பியவர் சரியான மருத்துவர். பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலும் அதன் முடிச்சுகளும்தான் பாதிப்பு, ஆனால் கிரானுலோமா எந்த உறுப்பிலும் அமரலாம். எவ்வளவு பெரிது என்பதைவிட எங்கே அமர்ந்தது என்பதே கேடு செய்கிறது. நுரையீரலில் ஆயிரம் கிரானுலோமாவை ஒருவர் உணராமல் வாழலாம். இதயத்தின் மின்கம்பி போகும் இடத்தில் ஒரு கொத்து போதும்.

கண்ணின் நடு அடுக்கில் வரும் அழற்சிக்கு யூவியைட்டிஸ் என்று பெயர். சிவப்பு, கூச்சம், மங்கல் என்று அறிவித்துக்கொண்டும் வரும், சத்தமே இல்லாமலும் இருக்கும். சும்மா விட்டால் கருவிழி ஒட்டிக்கொண்டு, கண் அழுத்தம் ஏறி, பார்வை போகும். ஆகவே நோய் தெரிந்தவுடன் பிளவுவிளக்குச் சோதனையும், மருந்துபோட்டு விழித்திரைப் பார்வையும் ஒருமுறை கட்டாயம். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகை படிப்பது இதற்கு ஈடாகாது. யூவியைட்டிஸோடு கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கமும், முகம் ஒருபக்கம் கோணுவதும், காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹீர்ஃபோர்ட் என்ற கண் மருத்துவர் விவரித்த வகை. 1909-இலேயே பதிவானது.

இதயத்தில் வரும்போது மின்னோட்டத் தடை, ஒழுங்கற்ற வேகத்துடிப்பு, இதயத் தசை தளர்வு என்று மூன்று முகம். இளம் வயதில் காரணமில்லாமல் இதய மின்னோட்டத் தடை வந்தால் சார்கோய்டோசிஸை நினைக்க வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கும் பாடம். படபடப்பு, காரணமின்றி மயக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் இருந்தால் இ.சி.ஜி. இயல்பு என்றாலும் அங்கே நிறுத்தக் கூடாது. எக்கோவும், 24 மணி நேரப் பதிவும், அதன்பின் இதய எம்.ஆர்.ஐ. அல்லது பெட் ஸ்கேனும் வேண்டும்.

பெட் ஸ்கேனில் ஒரு நுணுக்கம் உண்டு. பலர் இதில் வீணாகப் பணம் இழக்கிறார்கள். கதிரியக்கச் சர்க்கரையை ஏற்றி, அழற்சிச் செல்கள் அதை உறிஞ்சி ஒளிர்வதைப் பார்ப்பதே அந்தச் சோதனை. ஆனால் ஆரோக்கியமான இதயத் தசையும் சர்க்கரை தின்னும். அதைக் கொழுப்புக்கு மாற்றினால்தான் அழற்சி மட்டும் தனித்துத் தெரியும். முந்தைய நாள் குறைந்தது இரண்டு வேளை மாவுச்சத்தே இல்லாத, கொழுப்பு மிகுந்த உணவு, பிறகு மையம் சொல்லும் நேரம் வரை பட்டினி. நடுவில் ஒரு இனிப்பு மிட்டாய், சர்க்கரை போட்ட இருமல் சிரப், ஒரு குளுக்கோஸ் டிரிப் போதும், இதயம் முழுக்க ஒளிர்ந்து படம் பயனற்றுப் போகும். சாப்பிட்டதை எல்லாம் எழுதிவைத்து, ஊசிக்கு முன்பே காட்டுங்கள்.

கேள்வி: உடல்வலிக்கு இரத்தம் சோதித்ததில் வைட்டமின் டி குறைவு என்று அதிக வீரிய மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் தாகம், மலச்சிக்கல், சிறுநீரகக் கல். சார்கோய்டோசிஸ் இருப்பதால்தான் என்கிறார் இப்போதைய மருத்துவர். குறைவாக இருந்ததைத்தானே நிரப்பினோம்?

பதில்: அளந்தது கிடங்குச் சரக்கை, நிறைந்து வழிந்தது கடையில். இரத்தத்தில் வழக்கமாக அளப்பது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்ற இருப்பு வடிவம். வேலை செய்யும் வடிவம் 1,25-டைஹைட்ராக்ஸி. இயல்பில் சிறுநீரகம் இருப்பை வேலை வடிவமாக மாற்றுகிறது. பாராதைராய்டு ஹார்மோன் அதைக் கண்காணித்து, கால்சியம் போதுமென்றால் நிறுத்திவிடும். கிரானுலோமாவில் உள்ள மேக்ரோஃபேஜ்களிடமும் அந்த மாற்றும் நொதி இருக்கிறது, ஆனால் அவை ஹார்மோனின் பேச்சைக் கேட்பதில்லை. இருப்பு வர வர மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் இருப்பு குறைவாகவும், வேலை வடிவம் இயல்பாகவோ அதிகமாகவோ இருக்கும். வெளியிலிருந்து இன்னும் ஊற்றினால் குடல் கால்சியத்தை அள்ளி இழுக்கும்.

இரத்தத்தில் கால்சியம் ஏறுவது பத்துப் பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. சிறுநீரில் வழிவது அதைவிடப் பலமடங்கு அதிகம். கல்லும், மெல்லச் சிறுநீரகச் சேதமும் அதனால்தான். ஆகவே இந்த நோய் உள்ள எவரும் வைட்டமின் டி-யோ கால்சியமோ தொடங்கும் முன் இரண்டு வடிவங்களையும், கால்சியத்தையும், கிரியாட்டினினையும் அளக்க வேண்டும். கல் வந்தவர் 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியமும் பார்க்க வேண்டும். இன்னொரு தடயம், கால்சியம் அதிகமாக இருந்தும் பாராதைராய்டு ஹார்மோன் ஒடுங்கியிருந்தால் கிரானுலோமாவைச் சந்தேகிக்கலாம். ஹார்மோனும் ஏறியிருந்தால் பாராதைராய்டு சுரப்பியைப் பார்க்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்துங்கள், நீர் நிறையக் குடியுங்கள், நெடுநேர வெயிலைத் தவிருங்கள். வாந்தி, குழப்பம், தளர்வு வந்தால் அவசரப் பிரிவு. ஸ்டீராய்டு கொடுத்தால் சில நாளிலேயே கால்சியம் இறங்கும். சத்து மாத்திரைகளிலும் ‘எலும்புக்கு’ என்ற டப்பாக்களிலும் வைட்டமின் டி ஒளிந்திருக்கும். லேபிளைப் படியுங்கள்.

கேள்வி: ஒருவருக்கு மருந்தே வேண்டாம் என்கிறார்கள், இன்னொருவருக்கு ஓராண்டு ஸ்டீராய்டு. எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அளவு என்ன?

பதில்: இரண்டே கேள்வி. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தா? வாழ்க்கை தாங்க முடியாதபடி இருக்கிறதா? இதயம், மூளை-நரம்பு, பார்வை, ஏறிய கால்சியம், சரியும் மூச்சுத்திறன் ஆகியவற்றில் தயங்காமல் மருந்து. முடிச்சு மட்டும் பெருத்து ஆள் நன்றாக இருந்தால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை மட்டும். படத்தை அழகாக்குவதற்காக ஸ்டீராய்டு கொடுப்பது சிகிச்சை அல்ல.

நுரையீரலுக்கு வழக்கமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 20 முதல் 40 மில்லிகிராமில் தொடங்கி, 1 முதல் 3 மாதத்தில் பலனைப் பார்த்து, படிப்படியாக 5 முதல் 10 மில்லிகிராமுக்கு இறக்கி, மொத்தம் 6 முதல் 12 மாதம். அதிகம் கொடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்ற எண்ணம் தவறு. 20-ஐயும் 40-ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஆய்வில், நோய் திரும்பும் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். சில வாரங்களுக்கு மேல் எடுத்தால் அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும், சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் சரிந்து மயங்க நேரும். சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை, கண்புரை, எலும்பு எல்லாம் தொடர்ந்து பார்க்க வேண்டும். எலும்புக்கு என்று கால்சியம், டி கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க முடியாததால், தேவைப்பட்டால் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து தருவார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் இதுவரை இரண்டாம் வரிசை மருந்தாக இருந்தது. 2025-இல் நெதர்லாந்தில் 138 பேரிடம் நடத்தி வெளியிட்ட ஆய்வு, மருந்து பெறாத நுரையீரல் நோயாளிகளுக்கு முதல் மருந்தாகவே பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டுக்குச் சளைக்காதது என்று காட்டியது. மெல்லத்தான் வேலை செய்யும், ஆனால் ஸ்டீராய்டு அளவுக்கு எடை ஏறாது. அளவு பொதுவாக வாரம் 10 முதல் 15 மில்லிகிராம். மறுபடி சொல்கிறோம்: வாரம் ஒரு நாள். தினமும் எடுத்து எலும்பு மஜ்ஜை வற்றி இறந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலும் டப்பாவிலும் எழுதிவையுங்கள். ஃபோலிக் அமிலம் கூடவே வேண்டும். இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் தொடர் பரிசோதனை. கருத்தரிக்கத் திட்டமிருந்தால் இந்த மருந்து கூடாது, முன்பே சொல்லிவிடுங்கள்.

இதற்கும் அடங்காதவர்களுக்கு டி.என்.எஃப். ஆல்ஃபாவைப் பிடித்துக் கட்டும் இன்ஃப்ளிக்ஸிமாப். கிரானுலோமாச் சுவரைத் தாங்கும் தூணே அந்த வேதிப்பொருள் என்பதால் சுவர் உதிர்கிறது. அதே காரணத்தால், உடலில் எங்கோ அடைபட்ட பழைய காசநோய்க் கிருமியும் வெளியே வந்துவிடும். ஆகவே முதல் ஊசிக்கு முன், மறைந்திருக்கும் காசநோய்க்கான சோதனை தப்பாமல் வேண்டும். ஒரு விந்தை: அதே டி.என்.எஃப்.பைத் தடுக்கும் எட்டனர்செப்ட் இந்த நோய்க்குப் பயன்படுவதில்லை. வேறு நோய்க்காக அதை எடுத்தவர்களுக்குச் சார்கோய்டோசிஸ் புதிதாக வந்ததும் உண்டு.

கேள்வி: படம் தெளிந்துவிட்டது, ஊதல் சோதனையும் இயல்பு. ஆனாலும் மாடிப்படி ஏறினால் சோர்ந்துவிடுகிறேன், பாதம் இரவில் எரிகிறது. ‘எல்லாம் மனசுதான்’ என்கிறார்கள்.

பதில்: மனசு இல்லை. சோர்வு இந்த நோயில் பாதிக்கு மேற்பட்டோரைப் பிடிக்கிறது, கிரானுலோமா கரைந்த பிறகும் நீடிக்கிறது. முதலில் திருத்தக்கூடியதைத் தேடுங்கள்: தைராய்டு, இரத்தசோகை, ஸ்டீராய்டால் வந்த தசை மெலிவு, குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு. நடந்தால் மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனால் எக்கோ எடுத்து நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊதல் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது.

பாத எரிச்சல் நுண்நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். நரம்புக் கடத்தல் சோதனை பெரிய நரம்புகளை மட்டுமே அளப்பதால் அதில் ‘இயல்பு’ என்றே வரும். தோலில் 3 மில்லிமீட்டர் துண்டு எடுத்து நரம்பிழைகளை எண்ணினால்தான் தெரியும். சோர்வுக்காக மட்டும் ஸ்டீராய்டை ஏற்றுவதால் பயன் குறைவு, எடையும் தூக்கமின்மையும் சேரும். 6 முதல் 12 வாரம் மேற்பார்வையோடு உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சோர்வு குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன.

கேள்வி: வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா? பிள்ளைகளுக்கு வருமா?

பதில்: ஒட்டாது. தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டாம். நெருங்கிய இரத்த உறவினருக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடுதல். ஆனால் அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது என்பதால், அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்குப் படம் எடுக்கத் தேவையில்லை.

கேள்வி: ஓராண்டு மாத்திரை முடிந்து நிறுத்திவிட்டார்கள். இனி எத்தனை நாள் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பதில்: திரும்பி வருவது பெரும்பாலும் நிறுத்திய முதல் 2 முதல் 6 மாதத்துக்குள். அந்தக் காலத்தில் இரண்டு மூன்று முறை போய்வாருங்கள், ஊதல் சோதனையும் கால்சியமும் பாருங்கள். மூன்றாண்டு நோயின்றிக் கழிந்தால் பிறகு திரும்புவது அரிது. ஸ்டீராய்டால் குணமானவர்களுக்கே தானாகக் குணமானவர்களைவிடத் திரும்புவது அதிகம், எனவே உங்களுக்கு அந்த மூன்றாண்டும் கணக்கில் உண்டு. கண்ணில் சிவப்பு, படபடப்பு, மயக்கம் இவற்றுக்கு மட்டும் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.